எங்கள் வீட்டில் யாருக்கும் கணக்கு வராதாம்!

வணக்கம். மூச்சு வாங்குகிறதே என்று கேட்காதீர்கள், காலையிலிருந்து நாற்காலி மேல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். பின்னால் சுவரில் மஞ்சள் மஞ்சளாகத் தெரிகிறதல்லவா, அதுதான் இன்றைய வீடியோ. கோபத்தில் எடுக்கும் வீடியோ என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நேற்று என் அக்கா மகள் பேசினாள். போன வருடம் என் கேமராவைக் கீழே போட்டு உடைத்தாளே, அவளேதான். மேற்படிப்புக்குப் புள்ளியியல் எடுக்க அவளுக்கு ஆசை. மதிப்பெண்ணும் இருக்கிறது. ஆனால், "நம் குடும்பத்தில் யாருக்கும் கணக்கு வராதாம் சித்தி, அம்மா சொல்கிறார்கள்" என்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாறு வயதில் என்னிடமும் இதையேதான் சொன்னார்கள். மறுபேச்சுப் பேசாமல் வரலாறு எடுத்தேன். வரலாறு எனக்குப் பிடிக்கும், அது வேறு. பிடித்ததால் எடுக்கவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

லிண்டா காட்ஃபிரெட்சன் என்ற உளவியலாளர் 1981-இல் சொன்னது இதுதான். பிள்ளைகள் தொழிலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னாலேயே பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வருகிறார்கள். ஆறு முதல் எட்டு வயதுக்குள் 'இது ஆண் வேலை, அது பெண் வேலை' என்று ஒரு சுற்று. ஒன்பதிலிருந்து பதின்மூன்றுக்குள் 'இது நம் தகுதிக்கு எட்டாது, அது நமக்குக் கீழே' என்று இன்னொரு சுற்று. எனக்கு என்ன பிடிக்கும் என்று யோசிக்கவே அதற்குப் பிறகுதான் நேரம் வருகிறது. அதற்குள் பாதிப் பட்டியல் காலி!

சரி, சுவருக்கு வருகிறேன். தொழில் ஆலோசகர்கள் ஜீனோகிராம் என்று ஒரு குடும்ப வரைபடம் வரையச் சொல்வார்கள். மூன்று தலைமுறை, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். ஒவ்வொருவரும் என்ன படித்தார், எங்கே நிறுத்தினார், என்ன வேலை செய்தார் என்று எழுத வேண்டும். நான் ஆளுக்கு ஒரு ஒட்டுச்சீட்டு, மொத்தம் 23 பேர் என்று ஆரம்பித்தேன். உங்களுக்குத்தான் என் மின்விசிறி தெரியுமே, ஹெலிகாப்டர் என்று எல்லோரும் கிண்டல் செய்வீர்களே. போட்டால் மாமாக்கள் பறக்கிறார்கள், அணைத்தால் எனக்கு வேர்க்கிறது. செல்லோ டேப் ஒட்டினேன், பெயின்ட்டோடு வந்துவிட்டது. (வீட்டு ஓனர் இதைப் பார்க்கக் கூடாது.) நாற்பது நிமிடம் போராடிய பிறகுதான் கண்டுபிடித்தேன்: சீட்டைக் கீழிருந்து மேலாக உரித்தால் சுருண்டுகொள்கிறது, பக்கவாட்டில் உரித்தால் பலகை போல நிற்கிறது! இத்தனை வருடம் யாருமே எனக்குச் சொல்லவில்லை. இந்த வீடியோவில் வேறு எதுவும் வேண்டாம் என்றாலும் இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

என் 23-க்கே இந்தப் பாடு. இசைமேதை பாக் 1735-இல் தன் குடும்ப வரலாற்றைத் தானே தொகுத்தார், 53 பேர். முதல் ஆள் ஃபைட் பாக், தொழிலால் ரொட்டி சுடுபவர். மாவு அரைபடும் நேரத்தில் தந்திக் கருவி ஒன்றை வாசித்துக்கொண்டிருப்பாராம். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிடிக்காதது ஒன்றும் உண்டு: அந்த 53 பேரும் ஆண்கள்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். என் சுவரிலும் சதுரங்களெல்லாம் நிரம்பிவிட்டன, வட்டங்கள் பாதிக்கு மேல் காலி. அம்மாவுக்கு ஃபோன் போட்டு, "பாட்டி என்ன வேலை செய்தார்கள்?" என்றேன். "சும்மாதான் இருந்தார்கள்." "தாத்தாவின் அச்சகத்துக்குக் கணக்கு யார் எழுதியது?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அம்மாதான்" என்கிறார். 19 வருடம்! பேரேடு, கூலி, கடன் பாக்கி எல்லாம் பாட்டி கையெழுத்து. கணக்கு வராது என்ற கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? தாத்தா பள்ளியில் ஒருமுறை கணக்கில் தோற்றார். அவ்வளவுதான். ஒரே ஒரு பரீட்சை!

இதே மாதிரிதான் சந்திரசேகர் கதையும். 1983-இல் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர். "சித்தப்பா சர் சி.வி.ராமன், அப்புறம் என்ன?" என்பார்கள். ஆனால் அவருடைய அப்பா அவரை ஐ.சி.எஸ். எழுதச் சொன்னார், வெள்ளைக்காரன் காலத்து அரசு அதிகாரி பரீட்சை அது. பிடித்ததைப் படி என்று பக்கம் நின்றது அம்மா சீதாலட்சுமி. நார்வே நாடகாசிரியர் இப்சனின் நாடகத்தைத் தமிழில் பெயர்த்தவர் அவர்.

எதிர்த்து நின்றவர்களைப் பற்றிப் பேசினால் சுவிட்சர்லாந்தின் கணித மேதைகளான பெர்னூலி குடும்பத்தை விட முடியாது. யாக்கோபை இறையியல் படிக்கச் சொன்னார் அப்பா. அவரோ, 'தந்தையின் விருப்பத்துக்கு மாறாக விண்மீன்களை ஆராய்கிறேன்' என்று லத்தீனில் ஒரு வாசகத்தையே தனக்கு வைத்துக்கொண்டார். தம்பி யோகானை வியாபாரத்தில் தள்ளப் பார்த்தார்கள், அவரும் கணிதத்துக்கு ஓடிவந்தார். வந்தவர் என்ன செய்தார்? தன் மகன் டேனியலிடம், "நீ வியாபாரத்துக்குப் போ" என்றார்! டேனியல் கடைசியில் மருத்துவம் படித்தார், கணிதத்தையும் விடவில்லை. 1734-இல் பாரிஸ் அகாதமி பரிசை அப்பாவுக்கும் மகனுக்கும் பிரித்துக் கொடுத்தபோது, மகன் தனக்குச் சமமா என்று அப்பாவுக்குக் கோபம். யோகானை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. தான் பட்டதை மறந்தவர்.

பாட்டி சீட்டைப் படம் எடுத்து அக்கா மகளுக்கு அனுப்பினேன். வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பம் போட வேண்டும், இன்னும் யோசிக்கிறாள். அக்கா என்னோடு பேசவில்லை.

23-வது சீட்டு என்னுடையது, எழுதாமல் வைத்திருக்கிறேன். வேலை என்ற இடத்தில் என்ன போடலாம் என்று அம்மாவிடம் கேட்டேன். சொந்தக்காரர்களிடம் என்ன சொல்கிறாராம் தெரியுமா? "சும்மாதான் இருக்கிறாள்."