'டிட்' எங்க வரணும், எங்க வரக்கூடாது? இங்கிலீஷ்ல கேள்வி கேக்குற முறை

வணக்கம் மக்களே. இன்னைக்கு இங்கிலீஷ்ல கேள்வி கேக்குறது மட்டும்தான் பாக்கப் போறோம். இங்கிலீஷ்ல பதில் சொல்லத் தெரிஞ்ச நிறைய பேருக்குக் கேள்வி கேக்கும்போது வாய் நின்னுடுது. "யூ ஆர் கமிங்?"னு கடைசியில குரலை மட்டும் தூக்கிச் சமாளிப்பாங்க. பேச்சுல அது ஓடிடும். மெயில்ல ஓடாது, இன்டர்வியூல ஓடாது. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கோங்க.

முதல்ல நம்ம தமிழ் என்ன பண்ணுதுன்னு பாருங்க. ஸ்கூல்ல வினா எழுத்து படிச்சிருப்போம். எ, யா சொல்லுக்கு முன்னாடி வரும். ஆ, ஓ கடைசியில வரும். ஏ ரெண்டு பக்கமும் வரும். "அவன் நேத்து வந்தான்"ங்கிறதுல அந்த 'ஆ'வை எங்க வேணாலும் ஒட்டலாம். "அவன் நேத்து வந்தானா?", "அவன் நேத்தா வந்தான்?", "அவனா நேத்து வந்தான்?" மூணும் வேற வேற கேள்வி, ஆனா ஒரு வார்த்தைகூட இடம் மாறல. இங்கிலீஷ்ல ஒட்டுறதுக்கு அப்படி ஒரு எழுத்து இல்ல. அங்க வார்த்தை இடம் மாறினாதான் கேள்வி. நம்ம வாய் இடம் மாத்திப் பழகாததுதான் சிக்கலே.

எதை மாத்தணும்? ஹெல்பிங் வெர்பை, அதாவது முக்கிய வினைக்குத் துணையா நிக்கிற இஸ், ஹேஸ், கேன் மாதிரி சொல்லை. "ஹி இஸ் ஸ்லீப்பிங்", அதுல 'இஸ்'ஸை 'ஹி'க்கு முன்னாடி கொண்டு வந்தா "இஸ் ஹி ஸ்லீப்பிங்?" அவ்வளவுதான். ஹெல்பிங் வெர்ப் ரெண்டு இருந்தா முதல்ல இருக்கிறது மட்டும் நகரும். "ஷி ஹேஸ் பீன் வெயிட்டிங்", இது "ஹேஸ் ஷி பீன் வெயிட்டிங்?"னு மாறும். 'ஹேஸ் பீன்'னு சேத்துத் தூக்கிடாதீங்க.

"யூ லைக் காஃபி"ல நகர்த்த ஹெல்பிங் வெர்பே இல்லையே? அதுக்குத்தான் 'டூ'. இல்லாத இடத்துக்கு வெளியில இருந்து வர்ற ஆள். "டூ யூ லைக் காஃபி?" ஹி, ஷி, இட் வந்தா 'டஸ்', நடந்து முடிஞ்சதுன்னா 'டிட்'. இந்த 'டூ' இங்கிலீஷ்ல ஆதியில இருந்தே இருந்தது இல்ல. "வாட் சே யூ?"ன்னு வினையையே நேரா முன்னாடி போட்டுக் கேட்ட காலம் உண்டு. 16-ஆம் நூற்றாண்டுலதான் கேள்வியில 'டூ' வேகமா பரவுச்சு.

இப்போ ரொம்ப அதிகமா நடக்குற தப்பு. "டிட் யூ வென்ட்?" ஏன் தப்பு? நடந்து முடிஞ்சதுங்கிற காலத்தை 'டிட்' ஏற்கெனவே சுமக்குது. 'வென்ட்' போட்டா காலத்தை ரெண்டு தடவை சொன்ன மாதிரி. அதனால "டிட் யூ கோ?" அதே மாதிரி "டஸ் ஷி வொர்க் ஹியர்?" 'வொர்க்ஸ்'ல இருந்த 'ஸ்' 'டஸ்'ஸுக்குள்ள போயிருச்சு. தமிழ்ல "போனியா"ன்னு கேக்கும்போது காலம் வினையிலயே உக்காந்திருக்கு, அதான் நம்ம வாய் தானா 'வென்ட்' பக்கம் போகுது. 'டிட்' சொன்ன உடனே அடுத்து வர்ற வினையை அகராதியில இருக்கிற மாதிரி வெறுமனே போடுங்க.

'ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்' இருந்தா 'டூ' தேவையே இல்ல. "ஆர் யூ எ டீச்சர்?" போதும்.

அடுத்தது 'ஹூ', 'வாட்' கேள்விங்க. நான் இந்த வீடியோ போட்டதே இதுக்காகத்தான். "ஹூ கால்ட் யூ?" சரி. "ஹூ டிட் யூ கால்?" இதுவும் சரி. ஒண்ணுல 'டிட்' இல்ல, இன்னொண்ணுல இருக்கு. தமிழ்ல வெச்சுப் பாருங்க. முதல் கேள்வி, "யார் உன்னைக் கூப்பிட்டாங்க?" ரெண்டாவது, "யாரை நீ கூப்பிட்டே?" வேற்றுமை உருபைக் கவனிங்க. 'யார்'னு வெறுமனே நின்னா அதுதான் எழுவாய், 'டிட்' வேண்டாம். 'யாரை'ன்னு உருபு ஏறினா எழுவாய் வேற யாரோ, 'டிட்' வேணும். காரணமும் எளிசு. எழுவாயே கேள்விச் சொல்லா இருந்தா அது ஏற்கெனவே வாக்கியத்தோட முன்னாடிதான் நிக்குது. தாண்டிப் போக முன்னாடி வேற யாரும் இல்லை, அதனால எதையும் நகர்த்த வேண்டியதில்ல. மறந்து போனா "வாட் ஹேப்பண்ட்?"டை நினைச்சுக்கோங்க. அதுல நம்ம யாரும் 'டிட்' போடுறதில்ல. "எத்தனை பேர் வந்தாங்க?" கேட்டா "ஹவ் மெனி பீப்பிள் கேம்?" "எத்தனை பேரைக் கூப்பிட்டீங்க?" கேட்டா "ஹவ் மெனி பீப்பிள் டிட் யூ இன்வைட்?"

இந்தச் சோதனை ரெண்டு இடத்துல ஏமாத்தும். ஒண்ணு, அஃறிணை. "என்ன சாப்பிட்டே?" இதுல நம்ம தமிழ் 'ஐ' உருபு வெளியில தெரியாது, மறைஞ்சிருக்கும். ஆனா சாப்பிட்டது 'நீ', எழுவாய் தனியா இருக்கு. அதனால "வாட் டிட் யூ ஈட்?" ரெண்டாவது, வேணும், தெரியும், புரியும், பிடிக்கும் மாதிரி சொல்லுங்க. "யாருக்கு காஃபி வேணும்?" 'கு' உருபு இருக்கு, ஆனா இங்கிலீஷ்ல அந்த ஆள் எழுவாயா மாறிடுவார். "ஹூ வாண்ட்ஸ் காஃபி?" 'டஸ்' கிடையாது. "யாருக்குத் தெரியும்?" கேட்டா "ஹூ நோஸ்?" ஆனா "உனக்கு யாரைப் பிடிக்கும்?" கேட்டா 'உனக்கு'தான் அங்க எழுவாயாகும், அதனால "ஹூ டூ யூ லைக்?" இந்த நாலு சொல்லையும் நோட்டுல தனியா ஒரு பெட்டி போட்டு எழுதி வெச்சுக்கோங்க.

உருபு பத்திப் பேசும்போதே இதையும் சொல்லிடுறேன். "யாருக்காக வெயிட் பண்றே?" தமிழ்ல 'காக' கேள்விச் சொல்லோடயே ஒட்டியிருக்கு. இங்கிலீஷ்ல 'ஹூ' மட்டும் முன்னாடி போகும், 'ஃபார்' கடைசியில தனியா நிக்கும். "ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?" அந்தக் கடைசி 'ஃபார்'தான் நிறைய பேருக்கு விட்டுப் போகுது.

'எப்படி'ன்னா உடனே 'ஹவ்'னு நினைக்காதீங்க. "அவர் பாக்க எப்படி இருப்பார்?" இதுக்கு "வாட் டஸ் ஹி லுக் லைக்?" 'மாதிரி'ங்கிற அர்த்தத்துல 'லைக்' இருந்தா 'வாட்'. "ஹவ் டஸ் ஹி லுக் லைக்"னு கலந்துடக்கூடாது. "எவ்வளவு நாளா இங்க இருக்கீங்க?" கேட்டா "ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஹியர்?" இங்க 'ஆர்' சரியா வராது, ஏன்னா அது அப்போ ஆரம்பிச்சு இப்போ வரைக்கும் தொடருது. நம்ம 'எத்தனாவது'க்கு மட்டும் இங்கிலீஷ்ல ஒத்தைச் சொல் இல்ல. "நீ வீட்ல எத்தனாவது பிள்ளை?"ங்கிறதை "ஆர் யூ தி எல்டஸ்ட்?"னு ஊகிச்சுக் கேளுங்க, இல்லைன்னா "வேர் டூ யூ கம் இன் தி ஃபேமிலி?"னு சுத்தி வந்து கேளுங்க. தமிழ்ல ஒரே சொல்லுல முடியுற அழகு அது.

மரியாதையா கேக்குற கேள்விக்கு வருவோம். "கேன் யூ டெல் மி வேர் தி பேங்க் இஸ்?" பாத்தீங்களா, 'இஸ்' பழைய இடத்துக்கே திரும்பிடுச்சு. "வேர் இஸ் தி பேங்க்" இல்ல. முன்னாடி இருக்கிற 'கேன் யூ'வே கேள்வி வேலையை முடிச்சிடுச்சு, உள்ள இருக்கிறது சாதாரண வாக்கியம். 'டூ'வும் காணாமப் போகும். "டூ யூ நோ வென் தி பஸ் லீவ்ஸ்?" 'டஸ்' போயி, 'லீவ்ஸ்'ல 'ஸ்' திரும்பி வந்திருச்சு. ஆமா, இல்லைன்னு பதில் வர்ற கேள்வியை உள்ள வைக்கணும்னா 'இஃப்' போடுங்க. "டூ யூ நோ இஃப் ஹி இஸ் இன்?"

டேக் கொஸ்டின், அதாவது வாக்கியத்தோட கடைசியில ஒட்டுற குட்டிக் கேள்வி, அதைச் சீக்கிரம் பாத்துடலாம். தமிழ்ல 'இல்லையா', 'தானே' எந்த வாக்கியத்துக்கும் ஒட்டும். அந்தப் பழக்கத்துல எல்லாத்துக்கும் "இஸின்ட் இட்?" போட்டுடுறோம். இங்கிலீஷ்ல வாக்கியத்துல இருக்கிற அதே ஹெல்பிங் வெர்ப், தலைகீழா: வாக்கியம் நேர்மறைன்னா டேக் எதிர்மறை, எதிர்மறைன்னா நேர்மறை. "ஷி ஹேஸ் லெஃப்ட், ஹேஸின்ட் ஷி?" ஹெல்பிங் வெர்ப் இல்லைன்னா மறுபடி 'டூ'. "யூ லிவ் இன் மதுரை, டோன்ட் யூ?" 'நோபடி', 'நெவர்', 'ஹார்ட்லி' வந்தா வாக்கியம் ஏற்கெனவே எதிர்மறை, அதனால "நோபடி கேம், டிட் தே?" 'ஐ ஆம்' மட்டும் விதிவிலக்கு: "ஐ ஆம் லேட், ஆரின்ட் ஐ?" நிஜமாவே தெரியாம கேட்டா கடைசியில குரல் ஏறணும். தெரிஞ்சே உறுதிப்படுத்திக்கக் கேட்டா இறங்கணும்.

கடைசியா பதில் பக்கம். "ஹேவின்ட் யூ ஈட்டன்?"னு ஒருத்தர் கேக்குறார். நீங்க சாப்பிடல. தமிழ்ல "இன்னும் சாப்பிடலையா?"ன்னா "ஆமா, சாப்பிடல"ன்னு சொல்லலாம், ஏன்னா நம்ம 'ஆமா' கேட்டவர் சொன்னதை ஒத்துக்குது. இங்கிலீஷ் 'யெஸ்' அப்படி இல்ல. அது கேட்டவரைப் பாக்காது, நடந்ததை மட்டும் பாக்கும். சாப்பிடலைன்னா "நோ, ஐ ஹேவின்ட்." சாப்பிட்டிருந்தா "யெஸ், ஐ ஹேவ்." வெறும் 'யெஸ்'ஸோட நிறுத்தாதீங்க, பின்னாடி அந்த ரெண்டு வார்த்தையும் சேத்தே சொல்லுங்க, குழப்பம் வராது. "டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?"னு பஸ்ல ஒருத்தர் கேட்டா இன்னும் கவனம் வேணும். 'மைண்ட்'னா ஆட்சேபம். உக்காரட்டும்னு நினைச்சு 'யெஸ்'ஸுன்னா, ஆட்சேபம் இருக்குன்னு ஆயிடும். "நோ, நாட் அட் ஆல்"னு சொல்லி கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்க.