அந்த விலைக்கு அந்த போன் தேவையா?

நேயர்களுக்கு வணக்கம். செல்போன் ரிப்பேர் பார்க்கிற ஒருவனைக் கூப்பிட்டு, விலை கூடிய போன் வாங்கலாமா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். என் மேஜைக்கு வருகிறவர்கள் ஓயாமல் கேட்கிற கேள்விதான். "அண்ணே, இதைச் சரி பண்ணலாமா, இல்லை பேசாமல் புதுசே வாங்கிடட்டுமா?" என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இதற்கு முன்னால் இருந்த போனை எத்தனை வருஷம் வைத்திருந்தீர்கள்?

கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. ஒரு போன் இன்னொன்றைவிட மூன்று மடங்கு விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மலிவானதை இரண்டு வருஷத்தில் தலைமுழுகிவிட்டு, விலை கூடியதை ஆறு வருஷம் ஓட்டினால், வருஷத்துக்கு ஆகிற செலவு இரண்டுக்கும் ஒன்றுதான். ஏழாவது வருஷமும் ஓடினால் விலை கூடியதுதான் லாபம். ஆனால் எந்தப் போனாக இருந்தாலும் இரண்டு வருஷத்தில் மாற்றிவிடுகிற ஆள் நீங்கள் என்றால், விற்கும்போது கொஞ்சம் திரும்பி வந்தாலும் கையைக் கடிக்கும். மாதம் ஒருமுறை கீழே போடுகிற கை என்றால் இன்னும் மோசம், ஏனென்றால் உயர்ரகப் போனில் டிஸ்ப்ளே மாற்றுகிற செலவுக்கே ஒரு சாதாரணப் போன் வாங்கிவிடலாம். அதனால் போன் எப்படி என்று விசாரிப்பதற்கு முன்னால், வைத்திருக்கப்போகிற ஆள் எப்படி என்று பாருங்கள்.

சரி, ஏழு வருஷம் ஓடுமா? முன்பெல்லாம் ஆண்ட்ராய்டு போனுக்கு இரண்டு மூன்று வருஷத்தில் அப்டேட் நின்றுவிடும். 2023-இல் பிக்சல் 8 வந்தபோது கூகுள் ஏழு வருஷம் தருவதாகச் சொன்னது, 2024-இல் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் அதையே சொன்னது. அப்டேட் நின்ற போன் மறுநாளே செத்துவிடாது. பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும், அப்புறம் ஒருநாள் வங்கிச் செயலி திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். இதில் பலர் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. அந்த ஏழு வருஷம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. தள்ளுபடியில் இரண்டு வருஷப் பழைய மாடலை வாங்கினால் மிச்சம் ஐந்துதான். ஐந்தே போதும் என்றால் அது நல்ல பேரம், தெரிந்து வாங்குங்கள், அவ்வளவுதான்.

இப்போது பேட்டரிக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள். புதுப் போன் வேண்டும் என்று வருகிற பலருக்குத் தேவை புது பேட்டரிதான். பேட்டரியின் ஆயுளை சார்ஜ் சுற்றில் கணக்கிடுவார்கள். இன்று பாதி, நாளை பாதி செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று. ஐபோன் 14 வரைக்கும் 500 சுற்றுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும்படி வடிவமைத்ததாக ஆப்பிள் சொல்கிறது, 15-லிருந்து அது 1000. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வருகிற போன்களுக்கு 800 சுற்று என்று சட்டமே போட்டுவிட்டார்கள். நாளுக்கு ஒரு சுற்று என்று வைத்தால் 500 என்பது ஒன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, ஏழு வருஷம் ஓட்டுகிறவர் நடுவில் பேட்டரி மாற்றத்தான் வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

பேட்டரி தளர்ந்தால் போனே மந்தமாவதும் உண்டு. 2017 டிசம்பரில் ஆப்பிளே இதை ஒப்புக்கொண்டது: பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க வேகத்தைக் குறைக்கிறோம் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் 2018 முழுக்க பேட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்தது. மாற்றிய பலருக்குப் பழைய வேகம் திரும்பி வந்தது.

ஒருவர் வந்தார். எந்த மாடல் வாங்குவது என்று முடிவே பண்ணிவிட்டார், நான் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. பழைய போனுக்கு என்ன என்று கேட்டேன். சார்ஜ் ஏறவில்லை, கேபிளைச் சாய்த்துப் பிடித்தால்தான் ஏறுகிறது என்றார். லென்ஸில் பார்த்தால், சார்ஜ் துளைக்குள் சட்டைப்பை நூல்தூசி. ஒவ்வொரு முறை கேபிள் செருகும்போதும் உள்ளே போய் அமுங்கி அமுங்கி, கம்பளித் துணி மாதிரி கெட்டியாகப் படிந்திருந்தது. போனை அணைத்துவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் ஓரத்திலிருந்து நெம்பினேன். முழுசாக ஒரு வில்லை வெளியே வந்தது. கேபிள் டக்கென்று உட்கார்ந்தது. (உலோக ஊசியை மட்டும் உள்ளே விடாதீர்கள், பின்கள் போய்விடும்.) அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை, வாங்குவதற்கு இருந்த ஒரே காரணமும் போயிற்றே! அடுத்த மாதம் புதுப் போனோடு வந்து கண்ணாடி ஒட்டிக்கொண்டு போனார் என்பது வேறு விஷயம். ஆசைப்பட்டு வாங்கினார், நன்றாகத்தான் இருக்கிறது.

விலை கூடினால் உண்மையில் என்ன கூடும்? கேமரா. அதுவும் மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், 200 மெகாபிக்சல் கேமரா பெரும்பாலும் பதினாறு புள்ளிகளை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. வெயிலில் எடுத்தால் நடுத்தரப் போனும் அழகாகவே எடுக்கும். மங்கிய வெளிச்சத்தில், ஓடுகிற குழந்தையை எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் அப்போதுதான் தெரியும். உங்கள் ஆல்பத்தில் அப்படிப் படங்கள் நிறைய இருந்தால் விலையைக் கொடுங்கள். ரசீதையும் வாட்ஸ்அப்புக்கு ஒரு பொருளையும் மட்டும் எடுப்பவர் என்றால் எதற்கு?

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரமாயிற்று என்று கையைக் காட்டிவிட்டார்கள். தவணை, காப்பீடு இரண்டும் இன்னொரு நாளைக்கு. பழைய உயர்ரகப் போன் வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒன்று: நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் அழுத்தினால் வருகிற ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண், பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், விற்பவர் தன் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை உங்கள் கண்முன்னே நீக்கிய பிறகு பணம் கொடுங்கள். பூட்டு விழுந்துவிட்டால் என்னிடம் கொண்டுவந்தும் பிரயோஜனம் இல்லை. நன்றி, வணக்கம்.