முதலில் காலைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. மேசை இன்று கொஞ்சம் இரைந்து கிடக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு தீப்பெட்டி, ஒரு டம்ளர் தண்ணீர், என் பழைய செல்பேசி, இந்த மடிக்கணினி. நான்கும் இன்றைக்கு வேண்டும். ஜப்பானியர்கள் 'கைஜு' என்று அழைக்கும் ராட்சத விலங்குகளின் படங்களைப் பற்றிப் பேசப்போகிறேன். அந்தப் பழைய படங்களுக்கு இன்றைய கணினிக் கலைஞர்கள் எப்படி மரியாதை செய்கிறார்கள் என்பதுதான் பேச்சு.

மூன்று வாரங்களுக்கு முன்னால் பிளெண்டர் என்னும் முப்பரிமாண வரைகலை மென்பொருளில் ஒரு விலங்கை உருவாக்கினேன். இதோ திரையில் தெரிகிறதே, இதுதான். உயரம் 50 மீட்டர் என்று கொடுத்தேன். கட்டடங்கள், மின்கம்பங்கள், தெருவிளக்குகள் எல்லாவற்றையும் சரியான அளவில் வைத்தேன். தோலின் சொரசொரப்பையும் முதுகு முட்களையும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். பிறகு நடக்கவிட்டேன். பாருங்கள், சுவரில் பல்லி ஓடுவது போல இருக்கிறது, இல்லையா? கட்டடத்தை இடிக்கிறது, ஆனாலும் பல்லிதான். 50 என்று எண்ணைப் போட்டதாலேயே அது 50 மீட்டர் ஆகிவிடவில்லை. ஏன் என்று தேடப்போய்த்தான் 1954-க்குப் போய்ச் சேர்ந்தேன்.

இந்தத் தீப்பெட்டியைக் கவனியுங்கள். கையை நன்றாக உயர்த்துகிறேன். தரையிலிருந்து ஏறக்குறைய 2 மீட்டர். விடுகிறேன். விழுந்துவிட்டது! கண் சிமிட்டும் நேரம், 0.64 விநாடி. இதையே 50 மீட்டர் கட்டடத்தின் உச்சியிலிருந்து விட்டால், காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் 3.2 விநாடி ஆகும். உயரம் 25 மடங்கு கூடினால் விழும் நேரம் 5 மடங்கு கூடுகிறது. வர்க்கமூலக் கணக்குதான். இந்தக் கணக்கைப் படிக்காதவர் கண்ணுக்கும் இது தெரியும். முருங்கைக் கிளை ஒடிந்தால் சடாரென்று விழும். உயர்ந்து நிற்கும் தென்னை சாய்ந்தால், வானத்தில் ஒரு கணம் யோசித்துவிட்டு வருவது போல வரும். தூரத்திலிருந்து பார்த்தாலே எது பெரியது என்று கண் சொல்லிவிடும்.

ஏய்ஜி ட்சுபுராயா இதைக் கரைத்துக் குடித்தவர். 1954 நவம்பர் 3 அன்று ஜப்பானில் வெளியான முதல் 'கோஜிரா' படத்தின் தந்திரக் காட்சிகள் அவருடையவை. படத்தை இயக்கியவர் இஷிரோ ஹோண்டா. கொரில்லாவுக்கான ஜப்பானியச் சொல்லையும் திமிங்கிலத்துக்கான சொல்லையும் சேர்த்துப் பிசைந்து வந்த பெயர்தான் கோஜிரா. நமக்குக் கோட்ஸில்லா. ட்சுபுராயாவுக்கு 1933-இல் வந்த 'கிங் காங்' மீது தீராத காதல். அதைப் போலவே பொம்மையை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் படம்பிடிக்கத்தான் ஆசைப்பட்டார். அதற்குக் காலமும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே ரப்பர் உடைக்குள் ஓர் ஆளை நிறுத்தினார். டோக்கியோவை 25-இல் ஒரு பங்கு அளவில் கட்டினார்கள். 50 மீட்டர் விலங்குக்கு 2 மீட்டர் உடை.

என் தீப்பெட்டிக் கணக்கு இங்கேதான் வருகிறது. 2 மீட்டர் உலகத்தில் எல்லாம் ஐந்து மடங்கு வேகமாக விழும். அதைச் சரிக்கட்ட வேண்டுமானால் விநாடிக்கு 24 படங்களுக்குப் பதிலாக 120 படங்கள் எடுத்து, 24 வேகத்தில் ஓட்ட வேண்டும். கேமராவை வேகமாக ஓடவிட்டுத் திரையில் மெதுவாக்குவதுதான் ட்சுபுராயாவின் ஆயுதம். செல்பேசியில் இன்று 'ஸ்லோ மோஷன்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதே வேலைதான். இதோ, அந்தத் தீப்பெட்டி விழுந்ததை அதில் எடுத்திருக்கிறேன். பாருங்கள், எவ்வளவு கனமாக விழுகிறது!

உடைக்குள் இருந்தவரைப் பற்றிச் சொல்லாமல் போகமாட்டேன். ஹாருவோ நகாஜிமா. முதலில் செய்த உடை விறைப்பாக இருந்ததால் அதில் நடக்கவே முடியவில்லை. அதை வெட்டி, கால் மட்டும் தெரியும் காட்சிகளுக்குப் பயன்படுத்தினார்கள். அடுத்து வந்த உடையும் பெரும் பாரம்தான். அதற்கு மேல் ஸ்டூடியோ விளக்குகளின் சூடு. இந்த வேடத்துக்காக அவர் உயேனோ விலங்குக் காட்சிசாலைக்குப் போய் யானையும் கரடியும் எப்படி அடியெடுத்து வைக்கின்றன என்று நின்று பார்த்தார். 1972 வரை 12 படங்களில் கோஜிரா அவர்தான். திரையில் அந்த விலங்கு திரும்புவதற்குத் தயங்குகிறது, காலைத் தூக்கச் சிரமப்படுகிறது என்றால், அங்கே ஒரு மனிதர் உண்மையாகவே அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கிறார். அதைக் கண் நம்பிவிடுகிறது.

அந்த மெதுநடைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு சோதித்தது. அந்தக் கடல்பகுதியில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மீது கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. படகில் 23 பேர். அவர்களில் படகின் வானொலிக் கருவியை இயக்கிவந்த ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்துபோனார். ஆறு வாரங்கள்கூட ஆகவில்லை, 'கோஜிரா' வெளியானது. படம் தொடங்குவதே நடுக்கடலில் ஒரு கப்பலும், கண்ணைக் கூச வைக்கும் ஓர் ஒளியும்தான். டோக்கியோ எரியும்போது ஒரு தாய் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருப்பாள். சீக்கிரமே அப்பாவிடம் போய்விடலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வாள். எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்துவிடும். அந்தக் கால்கள் மெதுவாக வருவதால்தான் அவளுக்கு அதைச் சொல்ல நேரம் கிடைக்கிறது. பல்லி வேகத்தில் வந்திருந்தால் அந்தக் காட்சியே இல்லை.

இனி கணினிக்கு வருவோம். கணினிக்கு ரப்பர் கிடையாது, வியர்வை கிடையாது. விலங்கைக் குதிக்கவைக்கலாம், பறக்கவைக்கலாம். தடுப்பார் யாரும் இல்லை. நகாஜிமா பட்ட பாட்டைக் கணினியிலும் விடாமல் வைத்திருக்கிறார்களா என்பதைத்தான் நான் ஒவ்வொரு படத்திலும் தேடுகிறேன்.

தகாஷி யமசாகி வைத்திருக்கிறார். 2023 நவம்பர் 3 அன்று, முதல் படம் வந்த அதே தேதியில், அவருடைய 'கோட்ஸில்லா மைனஸ் ஒன்' ஜப்பானில் வெளியானது. அவர் திடீரென்று அங்கே வந்து நின்றவர் அல்ல. 2007-இல் வேறொரு குடும்பப் படத்தின் தொடக்கத்தில் சில நிமிடங்கள் மட்டும் கணினிக் கோஜிராவைக் கொண்டுவந்து பார்த்தார். 2021-இல் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் சவாரிக்காக மறுபடியும் செய்தார். பிறகுதான் முழுப் படம். 610 கிராஃபிக்ஸ் காட்சிகள், 35 கலைஞர்கள். இயக்குநரே கிராஃபிக்ஸ் மேற்பார்வையாளரும் என்பதால், ஒரு காட்சி சரியா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். 2024 மார்ச்சில் அந்தப் படம் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருதை வென்றது. அந்தப் பிரிவில் வென்ற முதல் ஜப்பானியப் படம். விருது பெற்ற நான்கு பேரும் கையில் கோஜிரா பொம்மைகளோடு மேடையேறியதைப் பார்த்து நான் கைதட்டிக்கொண்டே இருந்தேன்.

அந்தப் படத்தில் வரும் டோக்கியோவின் கின்சா கடைத்தெருக் காட்சியை இதுவரை எத்தனையோ முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். கேமரா பெரும்பாலும் தெருவில் நிற்பவரின் கண் உயரத்தில் இருக்கிறது. பாதம் இறங்குகிறது. இறங்கிய இடத்தில் தெரு பாளம் பாளமாக உடைந்து விளிம்புகள் மேலே எழும்புகின்றன. களிமண்ணில் கட்டைவிரலை அழுத்தினால் சுற்றிலும் பிதுங்குமே, அது போல. எடை என்பதைக் காலில் அல்ல, தரையில்தான் காட்ட வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது இந்த ஒரு காட்சியில்தான். பிறகு விலங்கு ரயில் பெட்டியைக் கவ்வித் தூக்குகிறது. 1954-லும் கவ்வியது. கட்டடத்தின் மேல் நின்று நேரடி வர்ணனை தரும் செய்தியாளர்கள் கட்டடம் சரிந்து விழுந்து சாகிறார்கள். 1954-இல் கோபுரத்தில் நின்ற செய்தியாளர்களுக்கும் அதே கதிதான். பழைய படத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர் எடுத்த படம் இது.

இப்போது தண்ணீர் டம்ளர். ஒரு சொட்டை விரலால் தட்டிவிடுகிறேன். சொட்டின் பருமனைப் பாருங்கள். கப்பலை 25-இல் ஒரு பங்காகச் சிறிதாக்கலாம், சொட்டைச் சிறிதாக்க முடியாது. அதனால்தான் பழைய படங்களில் மாதிரிக் கப்பலின் பக்கத்தில் தெறிக்கும் துளிகள் ஆள் தலை அளவுக்குத் தெரியும். ட்சுபுராயா சும்மா இருக்கவில்லை. வானிலிருந்து பார்க்கும் கடலுக்காக அகர் அகர் காய்ச்சி ஊற்றி அலைகளைப் பிடித்தார். ஆமாம், நாம் நோன்புக் காலத்தில் குளிரவைத்துத் துண்டு போடும் அதே கடற்பாசிதான்! அந்தக் கெட்டியான பரப்பில் சொட்டு தெறிக்காது. எனக்கு அவர் மேல் இருக்கும் அன்பு இந்தச் சங்கதியைக் கேட்ட நாளில் இரட்டிப்பானது.

'மைனஸ் ஒன்' படத்தில் சிறிய மரப்படகு ஒன்றைக் கோஜிரா துரத்திக்கொண்டு வரும். அந்த நுரை, அந்த வழிந்தோடும் நீர் எல்லாம் கணினிக் கணக்கீடு. அதைச் செய்தவர்களில் முக்கியமானவர் தட்சுஜி நொஜிமா. அப்போது அவருக்கு 25 வயதுதான். தண்ணீரை உருவாக்கிப் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்காக இருந்தது. இயக்குநர் அதைப் பார்த்துவிட்டுக் கடலையே அவரை நம்பி எழுதினார். 1954-இல் ட்சுபுராயாவின் கைக்கு எட்டாமல் போனது இந்தக் கடல்தான். இதைவிட அழகான மரியாதை இருக்கிறதா?

உறுமலிலும் அதே அக்கறை. முதல் படத்தில் இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, பிசின் தடவிய தோல் கையுறையால் கான்ட்ராபாஸ் என்னும் பெரிய வாத்தியத்தின் தந்தியைத் தேய்த்து அந்த ஒலியை உருவாக்கினார். 2023-இல் அந்த உறுமலைப் பேஸ்பால் மைதானத்தில் ஒலிபெருக்கிகளில் முழங்கவிட்டு, திறந்தவெளியில் அது பரவுவதைப் பதிவுசெய்தார்கள். கணினியில் எதிரொலி சேர்ப்பது இரண்டு நிமிட வேலை. இவர்கள் மைதானத்துக்குப் போனார்கள்.

2016-இல் வந்த 'ஷின் கோட்ஸில்லா' வேறு வழியில் போனது. ஹிதேயாகி அன்னோவும் ஷின்ஜி ஹிகுச்சியும் இயக்கியது. இருவரும் பழைய தந்திரக் காட்சிகளை உயிராக நினைப்பவர்கள். 2012-இல் டோக்கியோவில் பழைய மாதிரி நகரங்களையும் உடைகளையும் திரட்டி ஒரு கண்காட்சியே வைத்தார்கள். அதற்காகக் கணினி வரைகலையைத் தொடுவதில்லை என்ற கட்டுப்பாட்டோடு ஒரு குறும்படமும் எடுத்தார்கள். அப்படிப்பட்டவர்கள் கோஜிராவைக் கணினியில் செய்தபோது யாரை அழைத்தார்கள் தெரியுமா? கியோகென் என்னும் நூற்றாண்டுகள் பழமையான நாடகக் கலையின் நடிகர் மன்சாய் நொமுராவை. அந்த மரபில் இடுப்பைத் தாழ்த்தி, பாதத்தைத் தரையோடு இழைத்து நடப்பார்கள். அவருடைய உடலசைவைக் கருவிகளால் பதிவுசெய்து 118.5 மீட்டர் விலங்குக்குக் கொடுத்தார்கள். மேல் உடம்பு அசையாது. கண்கள் எதையும் தேடாது. பொம்மைக் கண்கள் போல ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். ரப்பர் உடை போய்விட்டது, உள்ளே ஒரு மனிதர் மட்டும் அப்படியே இருக்கிறார்.

எல்லாவற்றையும் பாராட்ட என்னால் முடியாது. 2017-இல் தொடங்கிய கணினி அனிமேஷன் முப்படத் தொடரில் கோஜிரா 300 மீட்டருக்கும் மேல் வளர்ந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் வீடு இல்லை, விளக்குக் கம்பம் இல்லை. எதோடு ஒப்பிட்டு அஞ்சுவது? 2024-இல் வந்த அமெரிக்கப் படத்தில் கோட்ஸில்லா தலைதெறிக்க ஓடுகிறது. குழந்தைகள் ரசிக்கட்டும். எனக்கு அது என் பல்லியைத்தான் நினைவூட்டியது.

அதே ஆண்டு நெட்ஃபிளிக்ஸில் வந்த 'அல்ட்ராமேன்: ரைசிங்' முழுநீளக் கணினி அனிமேஷன் படத்தைத் தவறவிடாதீர்கள். 1966-இல் ட்சுபுராயாவின் நிறுவனம் தொலைக்காட்சியில் தொடங்கிய வீரனின் கதை. சக்தி தீரும்போது மின்னும் அந்த மார்பு விளக்கு இதிலும் இருக்கிறது. ராட்சதக் குட்டி ஒன்றை வளர்க்கத் திண்டாடும் நாயகன்! ஏப்பம் விடவைக்கவே படாதபாடு படுகிறான்.

சரி, என் விலங்குக்குத் திரும்புகிறேன். முன்பு ஓர் அடிக்கு 14 ஃபிரேம், அதாவது 14 தனிப் படங்கள், கொடுத்திருந்தேன். தீப்பெட்டிக் கணக்குப்படி ஐந்தால் பெருக்கி 70 ஆக்கினேன், ஏறக்குறைய 3 விநாடி. முதலில் பாதம் பதிகிறது. பிறகு இடுப்பு இறங்குகிறது. அதற்குப் பிறகுதான் தோள் வருகிறது. தெருவிளக்குகளைத் தரை அதிர்ந்த பிறகு ஆடவிட்டிருக்கிறேன். ஓட்டுகிறேன், காலை மட்டும் பாருங்கள்.

பார்த்தீர்களா? வால் இன்னும் காற்றில் மிதக்கிறது. அதைத் தரையில் இழுபடவைக்க வேண்டும். இன்றிரவு அந்த வேலைதான்.