ஊதா இலையும் ஊதாப் பூவும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஊதா என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். தோட்டத்தில் அது குறைந்தது இரண்டு நிறம்: கத்தரிப்பூ நிறம் ஒன்று, நாவல்பழ நிறம் ஒன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல்தான் என் முதல் பாத்தியைக் கெடுத்தேன்.

ஊட்டியில் எங்கள் வீட்டு வாசலில் நல்ல கறுப்பு மண். முன்வரிசையில் ஊதா இலைச் செடியான பர்ப்பிள் ஹார்ட், நடுவில் கரும் ஊதாவாகப் பூக்கும் ஹீலியோட்ரோப், பின்னால் கருஞ்சிவப்பு இலை விடும் கோலியஸ் என்று வைத்தேன். கிட்டே குனிந்து பார்த்தால் அழகுதான். கேட்டில் நின்று பார்த்தால் ஈர மண்ணும் செடியும் ஒன்றாகிப்போய் ஒரே இருட்டு. மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்திருந்த அம்மா, "இந்தப் பாத்தியில இன்னும் ஒண்ணும் நடலையா?" என்று கேட்டார்கள்.

அடர்ந்த ஊதா வெளிச்சத்தை விழுங்கிவிடும். பாதி நாள் பனிமூட்டம் இறங்கும் ஊரில் இன்னும் மோசம். ஆனால் 12 ஆண்டுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூத்தால் எதிர்ச் சரிவிலிருந்தே தெரிகிறதே, எப்படி? அது வெளிர் ஊதா, கூட்டமாகப் பூக்கிறது. அதைப் பார்த்துத்தான் நான் பாத்தியை மாற்றினேன். இருட்டு நிறத்தை இலைக்கு விட்டேன். பூவுக்கு வெளிர் நிறம். இரண்டுக்கும் நடுவே சாம்பல் வெள்ளை இலையுள்ள டஸ்டி மில்லர்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது மெக்சிகன் சேஜ். கதிரைக் கையில் பிடித்துப் பாருங்கள், வெல்வெட் துணி மாதிரி இருக்கும். ஊதாவாகத் தெரிவது பூ அல்ல, பூவைத் தாங்கும் வெளி உறையான புல்லிவட்டம். அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் சின்ன வெள்ளைதான் பூ. தண்டிலும் வெள்ளைப் பஞ்சு. தனக்கு வேண்டிய வெளிச்சத்தைத் தானே கொண்டுவரும் செடி. அதனால் பர்ப்பிள் ஹார்ட்டுக்குப் பின்னால் அதை நட்டால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். நீல ஊதாப் பூங்கொத்து விடும் அகபாந்தஸும் நன்றாகச் சேரும்.

அப்புறம் வெயில். பர்ப்பிள் ஹார்ட்டின் நிறம் அந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. அதற்கடியில் பச்சையமும் இருக்கிறது. சைப்ரஸ் மர நிழலில் வைத்தால் இலை பச்சையாக மங்கிவிடும். நல்ல வெயிலும் குளிர்ந்த ராத்திரியும் சேர்ந்தால் நிறம் ஏறும், அந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். காலை வெயில் செடிக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரி இடம் பாருங்கள். பகலில் கறுப்பாகத் தெரிந்த இலை அப்போது பிழிந்த திராட்சைச் சாறு போல ஒளிரும். ஓரத்து மெல்லிய ரோமங்களில் பனித்துளி நிற்பதுகூடத் தெரியும்.

ஹைட்ரேஞ்சியா வைத்திருப்பவர்கள் அதன் பக்கத்தில் சுண்ணாம்பு போடவேண்டாம். நம் மலையின் புளிப்பு மண்ணில், அதாவது அமில மண்ணில்தான் அது நீலமாகவும் ஊதாவாகவும் பூக்கிறது; சுண்ணாம்பு ஏறினால் ரோஸாக மாறி, பாத்தியின் சேர்க்கையே குலைந்துவிடும்.

டிசம்பர், ஜனவரி உறைபனி கோலியஸை ஒரே ராத்திரியில் கருக்கிவிடும். அதைத் தொட்டியிலேயே வளர்த்து, மாலையில் தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிடுங்கள். பர்ப்பிள் ஹார்ட்டுக்கும் உறைபனி ஆகாது. மழைக்காலத்திலேயே நாலைந்து துண்டு கிள்ளி, ஒரு கணு மண்ணுக்குள் இருக்கும்படி சின்னத் தொட்டியில் ஊன்றி ஜன்னலோரம் வையுங்கள். பனி போனதும் பாத்திக்கு நாற்று கையில் இருக்கும்.

நன்றி, வணக்கம்.