மூணு பேரு, ஒரே கம்ப்யூட்டர்: ஐசிபிசி உள்ள எப்படி நடக்குது?

வணக்கம் மக்களே. ஐசிபிசின்னா காலேஜ் பசங்க டீமா சேந்து கலந்துக்குற உலக அளவு புரோகிராமிங் போட்டி. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் படிக்கிற தம்பி தங்கச்சிங்க கேக்குறது ஒன்னுதான். "அண்ணே, ஐசிபிசிக்கு நாங்கெல்லாம் போலாமா, எங்க காலேஜ்ல கோடிங் கிளப்பே இல்லையே?" தாராளமா போலாம். மூணு பேரு வேணும், கோச்னு பேரு போட ஒரு சாரோ மேடமோ வேணும், அவ்ளோதான்.

1970ல டெக்சாஸ்ல ஒரு யுனிவர்சிட்டில ஆரம்பிச்ச போட்டி இது, 1977லேந்து ஃபைனல்ஸ் நடக்குது. நம்ம நாட்டுல மொதல்ல ஆன்லைன் ரவுண்டு, அப்புறம் அமிர்தபுரி, கான்பூர் மாதிரி எடத்துல ரீஜனல், அதுல தேறுனா மேல. இந்த வரலாறெல்லாம் கூகுள்ல கெடைக்கும், உள்ள ஒக்காந்தா என்ன நடக்கும்னு பாப்போம்.

(திரையில்: ஒரு டேபிள், மூணு சேர், ஒரு கீபோர்டு)

அஞ்சு மணி நேரம், பத்து பன்னெண்டு ப்ராப்ளம், இன்டர்நெட் கெடையாது, கம்ப்யூட்டர் ஒன்னே ஒன்னு. இதாங்க மேட்டரு. ஒருத்தன் டைப் அடிக்கும்போது மத்த ரெண்டு பேரும் பேப்பர்ல யோசிக்கணும், கீபோர்டு முன்னாடி ஒக்காந்துகிட்டு "ம்ம்... என்ன பண்ணலாம்"னு மோட்டுவளையப் பாத்தீங்கன்னா டீமோட நேரத்த தின்னுட்டிருக்கீங்கன்னு அர்த்தம்.

ஒரு ப்ராப்ளம் பாப்போம். வாய்க்கால் ஓரமா வரிசையா 1 லட்சம் வயலு, ஒவ்வொன்னுலயும் எத்தன மூட்டை நெல்லுன்னு குடுத்துட்டாங்க. இப்ப 1 லட்சம் கேள்வி: இந்த வயல்லேந்து அந்த வயல் வரைக்கும் மொத்தம் எவ்வளவு? ஈஸின்னு ஒவ்வொரு கேள்விக்கும் லூப் போட்டு கூட்டுனா 1000 கோடி ஸ்டெப் வரைக்கும் போவும். செகண்டுக்கு சுமாரா 10 கோடின்னு வெச்சுக்கிட்டாலும் 100 செகண்டு, போட்டி நடத்துறவன் குடுக்குறது ஒன்னோ ரெண்டோ செகண்டுதான். டைம் லிமிட் எக்ஸீடட், முடிஞ்சுது கதை. அதுக்கு பதிலா மொத வயல்லேந்து அந்தந்த வயல் வரைக்குமான மொத்தத்த ஒரே தடவ கூட்டி எழுதி வெச்சுட்டா ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஒரு கழித்தல்தான். ப்ரிஃபிக்ஸ் சம்னு பேரு.

அப்பவும் ராங் ஆன்சர்னு வருது, ஏன்? ஒரு வயல்ல 1 லட்சம் மூட்டை வரைக்கும் இருக்கலாம்னு ஓரத்துல போட்டிருக்கான் (கேள்வி போட்டவரு வயலையே பாத்ததில்ல போல). அப்ப மொத்தம் 1000 கோடி வரலாம், சி ப்ளஸ் ப்ளஸ்ல சாதாரண இன்ட் தாங்குறது 214 கோடி சொச்சம்தான். அதவிட பெரிய எண்ணு தாங்குற லாங் லாங்னு போடணும், ரெண்டே வார்த்த.

அந்த ரெண்டு வார்த்தைக்கு என்ன வெலைன்னா, 20 நிமிஷம். ராங் சப்மிஷன் ஒவ்வொன்னுக்கும் 20 நிமிஷம் பெனால்ட்டி, ஆனா அந்த ப்ராப்ளத்த கடைசில சால்வ் பண்ணிருந்தாதான் கணக்கு. ரெண்டு டீமும் ஒரே எண்ணிக்கைல முடிச்சிருந்தா மொத்த நிமிஷம் கம்மியா இருக்குற டீம்தான் முன்னாடி. ஒரு டீம் மூணு ப்ராப்ளத்த 20, 55, 140வது நிமிஷத்துல தப்பில்லாம முடிக்குது, கூட்டுனா 215. இன்னொரு டீம் 15, 40, 110ல முடிக்குது, கூட்டுனா 165, ஆனா மூணு ராங், அதுக்கு 60, ஆக 225. மூணையும் சீக்கிரமா முடிச்ச டீம்தான் பின்னாடி!

அதனால ராங் வந்தா ஒடனே ஸ்கிரீன மொறச்சுகிட்டு ஒக்காராதீங்க. கோட பிரின்ட் குடுத்துட்டு எந்திரிங்க, பேப்பர்ல பேனா வெச்சு தப்ப தேடுங்க, அதுக்குள்ள அடுத்தவன் அவன் ப்ராப்ளத்த அடிச்சுடுவான். பசங்க நெறைய பேரு இத செய்யவே மாட்டேங்குறாங்க, எந்திரிச்சா தோத்துட்ட மாதிரி ஒரு ரோஷம்.

பிரின்ட் பண்ண நோட்ஸ் எடுத்துட்டு போலாம், ஃபைனல்ஸ்ல 25 பக்கம் வரைக்கும். கல்லணைல தண்ணி வெண்ணாறு, கொள்ளிடம்னு பிரியுதுல்ல, ஒவ்வொரு ஆறுக்கும் வாய்க்காலுக்கும் இவ்ளோதான் கொள்ளும்னு குடுத்துட்டு கடமடைக்கு அதிகபட்சம் எவ்வளவு போய்ச் சேரும்னு கேட்டா அது மேக்ஸ் ஃப்ளோ. அந்த கோட மனப்பாடமா அடிக்கிற ஆளு கம்மி, நோட்ஸ்ல இருக்கட்டும்.

அப்புறம் பலூன். சால்வ் பண்ற ஒவ்வொன்னுக்கும் ஒரு கலர் பலூன் டேபிள்ல கட்டுவாங்க. அழகுக்கு மட்டும் இல்லங்க, பக்கத்து டேபிள்ல எல்லாம் ஒரே கலரு பறக்குதுன்னா அது ஈஸி ப்ராப்ளம், நீங்க இன்னும் படிக்கவே இல்லேன்னு அர்த்தம். கடைசி ஒரு மணி நேரம் ஸ்கோர்போர்ட ஃப்ரீஸ் பண்ணிடுவாங்க, யாரு எங்க நிக்கிறாங்கன்னு ஒன்னும் தெரியாது.

எப்படி ஆரம்பிக்கிறதுன்னா, கோட்ஃபோர்சஸ்னு புரோகிராமிங் போட்டி நடத்துற வெப்சைட்ல ஜிம்னு ஒரு பக்கம் இருக்கு, பழைய டீம் போட்டிங்க கெடக்கும். ஞாயித்துக்கெழம மூணு பேரும் ஒருத்தர் வீட்டுல ஒக்காருங்க. ரெண்டு லேப்டாப்ப மூடி பைக்குள்ள வைங்க, போன சைலன்ட்ல போடுங்க, அஞ்சு மணி நேரம் டைமர ஓட விடுங்க. கரண்ட் போனாலும் டைமர நிறுத்தாதீங்க, பேப்பர்ல யோசிக்க கரண்ட் வேணாம்.