கிரேக்கமும் இலத்தீனும் கற்கப் போகிறீர்களா? எந்தப் பக்கத்தைப் படிப்பது என்று முதலில் முடிவெடுங்கள்

வணக்கம் நண்பர்களே. பழைய கிரேக்கமும் இலத்தீனும் படிக்க ஆசை, எங்கே தொடங்குவது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். புத்தகம், செயலி எல்லாம் அப்புறம். முதலில் இலக்கைப் பேசுவோம்.

“இலத்தீன் தெரிந்துகொள்ள வேண்டும்” என்பதற்கு முடிவே கிடையாது. “கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுப் போரைப் பற்றி ரோமத் தளபதி சீசர் எழுதிய நூலின் முதல் அத்தியாயத்தை அகராதி பார்க்காமல் படிக்க வேண்டும்” என்று வையுங்கள். முடிந்ததா இல்லையா என்பது உங்களுக்கே தெரியும். எந்த இலக்கணம் வேண்டும், எந்தச் சொற்கள் வேண்டும் என்பதையும் அந்தப் பக்கமே சொல்லிவிடும்.

இலத்தீனில் ஆறு வேற்றுமைகள். நாம் பள்ளியிலேயே எட்டு படித்தவர்கள், அதனால் பயம் வேண்டாம். வினை கடைசியில் வருவதும் நமக்குப் பழக்கம்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ‘மரங்களை’ என்றால் பன்மைக்கு ‘கள்’, வேற்றுமைக்கு ‘ஐ’ என்று பிரித்துக் காட்டிவிடலாம். இலத்தீனில் ஒரே ஈறு இரண்டையும் சேர்த்துச் சொல்லும். பெயர்ச்சொற்கள் ஐந்து வகை, வகைக்கு வகை ஈறு மாறும். போதாக்குறைக்கு ஒரே ஈறு இரண்டு மூன்று வேற்றுமைகளுக்கு வரும். அதனால் முதல் சில மாதங்களுக்கு ஒரே இலக்கு போதும்: ஈற்றைப் பார்த்ததும் அடையாளம் காண்பது. அட்டவணையை மட்டும் மனப்பாடம் செய்யாமல், வாக்கியத்தோடு வாய்விட்டுப் படியுங்கள்.

இன்னொன்று. வினையை முதலில் தேடு, பிறகு எழுவாயைத் தேடு என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. தமிழில் வினை வரும்வரை காத்திருந்துதானே கேட்கிறோம்? அதேபோல் எழுதியிருக்கும் வரிசையிலேயே படித்துப் பழகுங்கள்.

சரி, கிரேக்கம். எழுத்துகள் 24, சீக்கிரம் வந்துவிடும். கடினம் வினைச்சொல்லில்தான். புதிய ஏற்பாட்டைப் படிக்கவே கிரேக்கம் கற்கிறீர்கள் என்றால் பழைய காவியக் கவிஞர் ஹோமரிடம் போகாதீர்கள், யோவான் நற்செய்தியில் தொடங்குங்கள். சொற்கள் எளிமையாக இருக்கும். ஏதென்ஸ் உரைநடை வேண்டுமென்றால் செனஃபோனின் ‘அனபாசிஸ்’. கி.மு. 401-இல் பாரசீக இளவரசர் சைரஸ், அண்ணனின் அரியணையைப் பிடிக்கக் கிரேக்கக் கூலிப்படையைக் கூட்டிக்கொண்டு போய்ப் போரில் இறந்துவிடுகிறார். எதிரி நாட்டின் நடுவில் மாட்டிக்கொண்ட படை கருங்கடல்வரை நடந்தே போகிறது. செனஃபோனும் அந்தப் படையில் இருந்தவர். வரலாற்றாசிரியர் துசிடிடீஸை முதல் வருட இலக்காக வைக்க வேண்டாம். அவருடைய நடை கடினம் என்று பழங்காலத் திறனாய்வாளர் டயனீசியஸே குறைபட்டிருக்கிறார்.

இப்போது பண்பாடு. இதைத் தனிப் பாடமாக ஒதுக்கி வைக்கிறார்கள், எனக்கு அது வருத்தம். எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோம நகரமான பொம்பேயில் 1875-இல் கேசிலியுஸ் யூகுண்டுஸ் என்ற வங்கியாளரின் மெழுகுப் பலகைகள் கிடைத்தன. மெழுகு போய்விட்டாலும் எழுத்தாணி மரத்தில் பதித்த கீறல்கள் மிஞ்சின. பெரும்பாலானவை ஏலத்தில் விற்ற பணத்துக்கான ரசீதுகள். கி.பி. 56-ஆம் ஆண்டு ரசீது ஒன்றில் உம்பிரிசியா என்ற பெண்ணுக்கு 11,039 செஸ்டெர்ஸ் (ரோம நாணயம்) வந்திருக்கிறது. ஆனால் அவர் கேட்டுக்கொண்டபடி அந்த ரசீதை எழுதியவர் ஓர் ஆண். ஏன் அவரே எழுதவில்லை? சாட்சியாக முத்திரை வைத்தவர்கள் யார்? மொழியைப் படிக்கும்போதே சட்டம், பெண்களின் நிலை, பணம் எல்லாம் கேள்வியாக வருகிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் இப்படி ஒரு கேள்விக்காவது விடை தேடுவதை இலக்கில் சேருங்கள்.

நமக்கு ரொம்ப நெருக்கமான ஒரு பக்கமும் இருக்கிறது. பழைய சேரர் துறைமுகமான முசிறியின் வணிகம் பற்றிய கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் (நாணல் தாளில் எழுதிய ஆவணம்), வியன்னாவில் இருக்கிறது. முழுக்கக் கிரேக்கம். ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம், மறுபக்கம் ஹெர்மாபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு: சடாமாஞ்சில், யானைத் தந்தம், அவற்றின் மதிப்பு. சங்கப் பாட்டில் வரும் யவனர் கப்பலை அவர்கள் பக்கத்துக் காகிதத்திலேயே படிக்கலாம். சிதைந்த வரிகள் நிறைய, வணிகச் சொற்களும் அதிகம். மூன்றாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வீடியோவில் சீசரின் முதல் அத்தியாயத்தைச் சொல் சொல்லாகப் படிக்கப் போகிறோம். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்தில் மூலம் இலவசமாக இருக்கிறது, சொல்லைத் தொட்டால் இலக்கணமும் காட்டும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு வாருங்கள்.