27 நாள் காதல்

(பாளையங்கோட்டையில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். ரசவாதம், காதல், வேற்றுலகம் மூன்றும் கலந்த அறிவியல் நாவல்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று ஒரு எண்ணம் இங்கே இருக்கிறது. தாயுமானவரை எடுத்துப் பாருங்கள். மதயானையை வசப்படுத்தலாம், தழலில் பாதரசம் வைத்து ஐந்து உலோகத்தையும் 'வேதித்து விற்றுண்ணலாம்', அதாவது பொன்னாக மாற்றி விற்றுப் பிழைக்கலாம், பிறர் கண்ணில் படாமல் உலாவலாம், என்றும் இளமையாக இருக்கலாம், இன்னொரு உடம்புக்குள் புகலாம். பத்து நாவலுக்கான கரு ஒரே பாட்டில் கிடக்கிறது. அப்புறம் சொல்கிறார்: சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது. ரசத்தைக் கட்டத் தெரிந்தவன் மனசைக் கட்ட முடியாமல் தவிக்கும் அந்த இடத்தில்தான் நாவல் பிறக்கிறது, காதலும் அங்கேதான் வருகிறது. காதலைத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் மாதிரி ஓரமாக வைக்கிறவர்கள் தோற்றுப்போகிறார்கள்.

மேரி ஷெல்லி 1818-லேயே 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலில் இதைப் பிடித்துவிட்டார். அவருடைய விக்டர் சிறுவயதில் பாராசெல்சஸ் போன்ற பழைய ரசவாதிகளைப் படித்து மயங்கியவன். அப்புறம் பல்கலைக்கழகம் போய்ப் புது வேதியியல் கற்று, ஓர் உயிரை உண்டாக்குகிறான். அந்த உயிர் அவனிடம் பொன் கேட்கவில்லை, சாகாவரமும் கேட்கவில்லை. ஒரு துணை கேட்கிறது. செய்யத் தொடங்கியதை விக்டர் பாதியிலேயே சிதைத்துவிடுகிறான். அதற்கு விலையாக, கல்யாண ராத்திரியிலேயே அவன் மனைவி சாகிறாள். நம் நெல்லைக்காரர் புதுமைப்பித்தன் இதைத் தமிழில் 'பிரேத மனிதன்' என்று தந்திருக்கிறார். படிக்காதவர்கள் இந்த வாரமே தேடிப் படியுங்கள்.

சரி, இன்றைக்கு ரசவாதத்துக்கு எங்கே போவது? 1901-ல் ரூதர்ஃபோர்டு, சாடி என்ற இரண்டு விஞ்ஞானிகள், தோரியம் என்ற கதிரியக்க உலோகம் வேறொரு தனிமமாக மாறுவதைக் கண்டார்கள். தனிமம் மாறுகிறது என்று சொல்லிவிடாதே, ரசவாதிகள் என்று நம் தலையை வாங்கிவிடுவார்கள் என்று ரூதர்ஃபோர்டு எச்சரித்ததாகச் சாடி பின்னால் நினைவுகூர்ந்தார். அந்தத் தோரியம் நம் தெற்குக் கடற்கரை மணலில், மோனசைட் என்ற தாதுவில் இருக்கிறது. அதன் அணு ஒரு நியூட்ரானை விழுங்கினால் சீக்கிரமே புரோட்டாக்டினியம் என்ற இன்னொரு தனிமம் ஆகிறது. அதில் பாதி, சுமார் 27 நாளில் யுரேனியம் 233 ஆகிவிடும். அடுத்த 27 நாளில் மிச்சத்தில் பாதி. எந்த அணு எப்போது மாறும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இதே விதியை ஒரு பெண்ணின் நினைவில் வைத்து ஒரு கதை யோசித்துப் பாருங்கள். கடற்கரை ஊரான உவரிக்காரி. அவள் காதலிக்கிறவன் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் ராக்கெட் எஞ்சின் சோதிக்கிறான். 27 நாளுக்கு ஒருதரம் அவள் நினைவில் பாதி வேறொருத்தியின் நினைவாகிறது. எது போகும் என்று அவளுக்கே தெரியாது. அம்மா வைக்கும் மீன்குழம்பின் ருசி இருக்கும், அவன் பெயர் இருக்காது. உலகத்துக்கு ஒரு கறாரான விதி, அந்த விதியில் மாட்டிய இரண்டு பேர், இது போதும். வேற்றுலகம் வேண்டுமானால் இட்டமொழிப் பக்கம் தேரிக்காட்டில், அந்தச் செம்மணல் மேட்டில் போய் நில்லுங்கள். செவ்வாய்க் கிரகத்தைப் போலவே அந்த மணலையும் இரும்பு ஆக்சைடுதான் சிவப்பாக்கியிருக்கிறது. காற்றுக்காலத்தில் மேடு இடம் மாறும்.

கடைசி அத்தியாயத்தில் ஒரு குளிகையைக் கொடுத்து எல்லாவற்றையும் சரியாக்கும் வழக்கம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. படித்து அழுதவரை ஏமாற்றுகிற வேலை அது. யுரேனியம் 233-ம் ஒருநாள் தோரியமாகத்தான் மாறும். பாதி மாறவே ஒன்றரை லட்சம் வருஷத்துக்கு மேல் ஆகும். அப்படி வருவதும் மணலில் இருந்த பழைய தோரியம் 232 இல்லை, அணு எடை குறைந்த தோரியம் 229. அவளும் அவனிடம் அப்படித்தான் திரும்பி வரவேண்டும். இந்த நாவலை இங்கே இருக்கும் யாராவது எழுதுங்கள், முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.